பத்துக் காளைகள் சுமக்கும் தொட்டி

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், புனித பர்த்தலோமேயு கோவிலுக்குள் பித்தளையில் வார்த்த ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 60 சென்டிமீட்டர், அகலம் சுமார் 80. செய்தது 1107க்கும் 1118க்கும் இடையில். ஐரோப்பாவின் இடைக்காலக் கலையைப் பற்றிய புத்தகம் எதைப் புரட்டினாலும் இதன் படம் வந்துவிடும். பெல்ஜியத்துக்காரர்கள் தங்கள் நாட்டின் ஏழு அதிசயங்களில் இதையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் இப்போது அது இருக்கும் கோவில் அதன் சொந்தக் கோவில் கிடையாது. சொந்தக் கோவிலைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். தொட்டியின் மூடி காணாமல் போயிற்று. பன்னிரண்டு காளைகள் சுமக்க வேண்டிய தொட்டியை இன்று சுமப்பவை பத்து.

"புரட்சியிலிருந்து தப்பிப் பிழைத்த பொக்கிஷம்" என்றுதான் இதைப் பற்றி எழுதுவது வழக்கம். பிழைத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பங்குக் கோவிலின் தொட்டியிலிருந்து அந்தப் பங்கை, அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த ஊர்ச் சபையை, எடுத்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கணக்கில்தான் ஆர்வம். நான் இருப்பது ஜெர்மனியின் ஆஹன் நகரில். ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லியேஜ். அதனால் விருந்தாளி யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போய்விடுவேன். அவர்கள் சாக்லேட் கடைக்குள் நுழைய, நான் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு பங்கு என்றால் கோவில், பங்குச்சாமியார், கல்லறைத் தோட்டம், அன்பியம் என்ற தெருவாரிக் குடும்பக் குழுக்கள் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் சட்டப்படி பார்த்தால் தொட்டிக்குத் தனி இடம் உண்டு. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 858ஆம் எண், ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஞானஸ்நானத் தொட்டி இருந்தாக வேண்டும் என்கிறது. துறவியர் மடத்துச் சிற்றாலயத்துக்கோ, மலையுச்சித் திருத்தலத்துக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. தொட்டியோடு கூடவே வருவது பதிவேடு. ஞானஸ்நானம் வாங்கிய பங்கின் பதிவேட்டில்தான் பின்னால் நடக்கும் திருமணத்தையும், குருப்பட்டம் பெற்றால் அதையும் ஓரத்தில் குறித்து வைப்பார்கள். துபாயில் வேலை, சிகாகோவில் வீடு என்று இருப்பவனும் கல்யாணம் என்று வந்தால் தலையில் தண்ணீர் ஊற்றிய ஊருக்குத்தான் சர்டிபிகேட் கேட்டு எழுதியாக வேண்டும்.

எங்கள் ஊரிலும் பழைய கோவிலை இடித்தார்கள். கடற்கரை ஊர். கூட்டம் கொள்ளவில்லை, சுவரில் உப்புப் பூத்துவிட்டது, புதுக் கோவில் கட்டியாக வேண்டும். நியாயமான காரணங்கள்தான். அர்ச்சிப்புக்கு ஆயர் வந்தார், ஊர் முழுக்க அசனம் போட்டார்கள். வாசலுக்கு இடப்பக்கம் கம்பிக்கதவுக்குள் இருந்த கல் தொட்டியை அதற்குப் பிறகு காணவில்லை. எங்கள் பாட்டி கோவில்பிள்ளையிடம் கேட்டாள்: "ஏய்யா, எம்பிள்ளையளுக்குத் தண்ணி ஊத்துன தொட்டி எங்க?" அவர், "அது பழைய மண்ணோட போயிருக்கும் பாட்டியம்மா, இப்ப மார்பிள்ல புதுசு வந்திருக்குல்லா" என்றார். பாட்டி அதற்குமேல் பேசவில்லை. மார்பிள் தொட்டியை அவள் கிட்டப் போய்ப் பார்த்தும் நான் பார்த்ததில்லை.

லியேஜுக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது வெறும் ஆயர் ஊர் அல்ல. ஆயரே அரசர். புனித ரோமப் பேரரசுக்கு உட்பட்ட 'இளவரசர்-ஆயர்' ஆட்சி நடந்த ஊர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லம்பெர்ட் என்ற ஆயர் இங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளைச் சுற்றித்தான் இந்த நகரமே வளர்ந்தது. நடுவில் புனித லம்பெர்ட் பேராலயம். அதைச் சுற்றி, கானன்கள் எனப்படும் குருமார் குழுக்கள் நடத்திய ஏழு பெருங்கோவில்கள். புனித பர்த்தலோமேயு கோவிலும் அந்த ஏழில் ஒன்று. 1015இல் அர்ச்சிக்கப்பட்டபோது அது நகர மதிலுக்கு வெளியே இருந்தது.

இத்தனை பெரிய கோவில்கள் இருந்தும், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை பழைய காலத்தில் பேராலயத்தை ஒட்டி நின்ற சின்னக் கோவில் ஒன்றுக்கே இருந்தது. பெயர் நோத்ர்-தாம்-ஓ-ஃபோன். தொட்டி மாதா கோவில் என்று வைத்துக்கொள்ளலாம். நகரத்தின் தாய்ப்பங்கு அதுதான். பேராலயத்தில் பேரரசருக்குப் பூசை நடக்கலாம், ஏழு கோவில்களிலும் கானன்கள் நாள் முழுக்க சங்கீதம் பாடலாம். கொல்லன் வீட்டுப் பிள்ளையும் தோல் பதனிடுபவன் வீட்டுப் பிள்ளையும் கிறிஸ்தவனாவது இந்தச் சின்னக் கோவிலில்தான்.

அந்தக் கோவிலின் தலைவராக இருந்த ஹெலின் என்பவர்தான் தொட்டியைச் செய்யச் சொன்னவர். 1118இல் இறந்துபோனார். ஏறத்தாழ அதே சமயம் லத்தீனில் எழுதப்பட்ட செய்யுள் வரலாறு ஒன்று, அவர் செய்வித்த தொட்டியை வரிவரியாக விவரிக்கிறது. செய்வித்தவர் பெயரைச் சொல்கிறது. வார்த்தவர் பெயரைச் சொல்லவில்லை. நம் கோவில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்தக் காலத்தில் லியேஜ் கோவில்களில் உலோகம் என்ற பேச்சே புண்ணில் கைவைத்த மாதிரி இருந்திருக்கும். அப்போது ஆயர் ஒட்பெர்ட், 1091 முதல் 1119 வரை. முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கோத்ஃபிரே, பயணச் செலவுக்குத் தன் பூயோன் கோட்டையை விற்க முன்வந்தபோது, வாங்கியவர் இந்த ஒட்பெர்ட்தான். பணத்துக்கு எங்கே போவது? புனித லம்பெர்ட்டின் எலும்புகளை வைத்திருந்த பேழையில் போர்த்தியிருந்த பொன்னை உரித்தார். மற்றக் கோவில்களின் வெள்ளிக்கும் அதே கதி. துறவிகள் வயிறெரிந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அது நடந்து பத்து, இருபது ஆண்டில் ஹெலின் ஒரு தொட்டி செய்விக்கிறார். பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. பித்தளை. இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் உரித்தெடுத்து விற்க ஆசை வராத உலோகத்தில் ஒருவர் தொட்டி செய்விக்கிறார் என்றால், அந்த ஊரில் அதைப் பார்த்தவர்களுக்கு ஏதாவது தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பித்தளைக்கு அங்கே குறைவும் இல்லை. மியூஸ் ஆற்றங்கரை ஊர்களான உயி, தினான் இரண்டும் பித்தளைக்கே பேர்போனவை. செம்பு, ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பக்கமிருந்து வண்டிகளில் வரும். துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரிக்க ஐரோப்பாவில் அப்போது யாருக்கும் தெரியாது. அதன் தாதுக்கல்லைப் பொடித்து, செம்புத்துண்டுகளோடும் கரியோடும் மண்குகை எனப்படும் மண்பாத்திரத்தில் போட்டு மூடிச் சூடேற்றுவார்கள். ஆவியாகும் துத்தநாகம் செம்புக்குள் ஏறும். சூடு கூடினால் ஆவி வெளியே போய்விடும், குறைந்தால் செம்பு வாங்கிக்கொள்ளாது. வெப்பமானி இல்லாத காலத்தில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே அத்தனையும் செய்திருக்கிறார்கள். தாதுக்கல் மியூஸ் பக்கத்திலும் ஆஹன் பக்கத்திலும் கிடைத்தது. எல்லை தாண்டியதும் வரும் கெல்மிஸ் என்ற ஊரின் பிரெஞ்சுப் பெயரே அந்தக் கல்லின் பெயர்தான். (அந்த ஊரின் சுரங்கத்துக்காக இரண்டு நாடுகள் சண்டை போட்டு, முடிவுக்கு வர முடியாமல், 1816 முதல் நூறாண்டுக்கு மேல் அதை யாருக்கும் முழுதாகச் சேராத பொட்டுநிலமாக வைத்திருந்த கூத்தைத் தனியாக எழுத வேண்டும்.)

வார்ப்பு முறை சுவாமிமலையில் நாம் பார்ப்பதேதான். மெழுகில் உரு, மேலே மண், சூட்டில் மெழுகு வெளியேற, அந்த இடத்தில் உலோகம். உள்ளே கரு வைத்து வார்த்ததால் தொட்டி குடைவாக வந்திருக்கிறது, அதுவும் ஒரே வார்ப்பில். சுவரோடு ஒட்டிப் புடைத்து நிற்கும் உருவங்களும் அதே வார்ப்பைச் சேர்ந்தவை. சில தலைகள் பின்னணியை விட்டு முழுக்க விலகி, காற்றில் நீட்டிக்கொண்டு இருக்கின்றன. அந்தத் தலைகள் ஒவ்வொன்றுக்கும் உலோகம் போய்ச் சேர வேண்டும், காற்று வெளியேற வேண்டும். ஒரு மூக்கு நிரம்பாமல் போயிருந்தாலும் இன்று தெரிந்துவிடும். காளைகளைத் தனித்தனியே வார்த்துக் கீழே பொருத்தியிருக்கிறார்கள்.

தொட்டியைச் சுற்றி ஐந்து காட்சிகள். கட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. இடையிடையே மரங்கள்தான் எல்லை, காலுக்குக் கீழே மேடுபள்ளமாக ஓடும் தரை. முதலில் ஸ்நாபக அருளப்பர் (திருமுழுக்கு யோவான்) போதிக்கிறார், கேட்பவர்களில் சங்கிலிக்கவசம் போட்ட படைவீரன் ஒருவன் நிற்கிறான். கவசத்தின் வளையங்களைக்கூட விடவில்லை. லூக்கா நற்செய்தியில் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு என்று அருளப்பர் சொல்வார். அந்தப் படைவீரனுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டு மியூஸ் பள்ளத்தாக்கின் உடுப்பை மாட்டி நிற்க வைத்தார்கள் பாருங்கள், தொட்டிக்குப் பிள்ளையைத் தூக்கிவந்த எந்தச் சிப்பாயும் அந்த உருவத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அடுத்தது அருளப்பர் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது. மூன்றாவது இயேசுவின் ஞானஸ்நானம். யோர்தான் ஆற்றுத் தண்ணீர் அவர் இடுப்புவரை ஒரு குவியலாக எழும்பி நிற்கிறது. கரையில் வானதூதர்கள், கைகளைத் துணியால் மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். மேலே தந்தையின் முகம் குனிந்து பார்க்கிறது.

எனக்கு அதிகம் பிடித்தவை அடுத்த இரண்டும். புனித இராயப்பர் (பேதுரு) கொர்னேலியுவுக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் ஒன்று. கொர்னேலியு உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன், யூதன் அல்லாதவன். இன்னொன்று, நற்செய்தியாளரான அருளப்பர் கிராத்தோன் என்ற தத்துவ அறிஞருக்குக் கொடுப்பது. அது விவிலியத்தில் இல்லாத, வழிவழியாக வந்த கதை. இருவரும் ஆற்றில் நிற்கவில்லை. ஆளுக்கொரு வட்டத் தொட்டிக்குள் மார்பளவு தெரிய, வெற்றுடம்போடு குனிந்து நிற்கிறார்கள். அதாவது தொட்டிமேல் தொட்டி. ஒருவன் ஆயுதம் ஏந்தியவன், மற்றவன் புத்தகம் படித்தவன், இரண்டு பேரும் வெளியாட்கள். நகரத்துக்கெல்லாம் பொதுவான ஒரே பங்குக் கோவிலின் தொட்டிக்கு இவர்களைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருக்கிறது. பக்கத்தில் பெயர்களை எழுத்தாகவே வெட்டியிருக்கிறார்கள்.

இனி மூடி. இன்றைக்கு நமக்கு மூடி ஓர் அலங்காரம் மாதிரித் தோன்றலாம். அன்றைக்கு அப்படி இல்லை. தொட்டித் தண்ணீரைப் பாஸ்கா திருவிழிப்பின்போதும் (ஈஸ்டர் முந்திய இரவு வழிபாடு) பெந்தெகொஸ்தேயின்போதும் மந்திரிப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் அது தொட்டியிலேயே இருக்கும். தூசி விழும் என்பது ஒரு கவலை. சூனியத்துக்கு யாராவது மொண்டுகொண்டு போவார்கள் என்பது இன்னொன்று. இங்கிலாந்தில் 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளைப் பூட்டியே வைக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அங்கே பழைய கல் தொட்டிகளின் விளிம்பில் பூட்டுக்கொக்கி அறைந்த குழிகளும் உடைசல்களும் இன்னமும் தெரியும். மூடியில்லாத தொட்டி என்றால் காவல் இல்லாத தொட்டி.

லியேஜ் தொட்டியின் மூடியில் என்ன இருந்தது என்பது அந்த லத்தீன் செய்யுளால்தான் தெரிகிறது. தொட்டியை மேலிருந்து மூடுவது திருத்தூதர்களையும் இறைவாக்கினர்களையும் காட்டுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. உட்கார்ந்திருந்தார்களா நின்றார்களா, கையில் சுருள் இருந்ததா, மேலே பிடி எப்படி, ஒன்றும் இல்லை. சுற்றுச்சுவரில் ஒரு படைவீரனின் கவசவளையம்வரை செதுக்கத் தெரிந்த கை, மூடியில் இருபது முப்பது முகங்களை வைத்திருந்தால் எப்படி வைத்திருக்கும்! இந்தத் தொட்டியைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறவர்கள் மூடிக்கு ஒரு வாக்கியம் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போவது எனக்கு உறுத்தும். பாதிச் சிற்பம் அங்கே இருந்தது.

காளைகளுக்கு வருகிறேன். சாலமோன் எருசலேம் கோவிலில் வைத்த வெண்கலக் கடலைப் பற்றி அரசர்கள் முதல் நூலின் ஏழாம் அதிகாரம் சொல்லும். விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், உயரம் ஐந்து முழம், கீழே பன்னிரண்டு காளைகள், திசைக்கு மூன்றாக வெளிப்பக்கம் பார்த்தபடி. இடைக்கால விளக்கவுரைகளில் இந்தக் காளைகள் பன்னிரண்டு திருத்தூதர்கள். நான்கு திசைக்கும் போய்ப் போதித்தவர்கள். அதே காலத்தில் லியேஜின் புனித லாரன்ஸ் மடத்தில் இருந்த ருப்பர்ட் என்ற இறையியல் துறவியின் சிந்தனையோடு இந்தத் தொட்டியை இணைத்துப் பேசும் ஆய்வாளர்கள் உண்டு. லியேஜ் காளைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று தலையைத் தூக்கியிருக்கிறது, ஒன்று கழுத்தைத் திருப்புகிறது. கழுத்துத் தோலின் மடிப்பைப் பார்த்தால், இதைச் செய்தவன் மாட்டை உழவுசாலில் பார்த்தவன் என்று தெரியும்.

சாலமோனின் அந்த மூலத்தொட்டி என்ன ஆயிற்று? அதையும் விவிலியமே சொல்கிறது. யூதாவின் ஆகாசு அரசன், அசீரியப் பேரரசனுக்கு அடங்கிப் போன காலத்தில், கடலைக் காளைகள் மேலிருந்து இறக்கிக் கல்தளத்தில் வைத்துவிட்டான். அரசர்கள் இரண்டாம் நூல், பதினாறாம் அதிகாரம். பிறகு கல்தேயர் வந்தார்கள். கடலை உடைத்து, வெண்கலத்தைப் பாபிலோனுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ஹெலினும் அவர் ஆட்களும் இதைப் படிக்காதவர்கள் இல்லை. இறக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, உலோகவிலைக்குப் போன ஒரு தொட்டியின் வடிவத்தைத்தான் தெரிந்தே எடுத்து வார்த்திருக்கிறார்கள்.

தொட்டி முதல் அறுநூறு ஆண்டுகளைத் தாண்டியதே பெரிய விஷயம். 1185இல் பேராலயம் தீப்பிடித்து எரிந்தது. 1468இல் பர்கண்டி கோமகன் சார்லஸ் லியேஜைப் பிடித்துச் சூறையாடி, வாரக்கணக்கில் கொளுத்தினான். கோவில்களை மட்டும் விட்டுவைக்கச் சொன்னான். எதிரி விட்டுவைத்ததை ஊர்க்காரர்கள் விட்டுவைக்கவில்லை.

அதில் ஊர்க்காரர்கள்மேல் முழுப்பழியையும் போட எனக்கு மனம் வருவதில்லை. 1789 ஆகஸ்டில், பாரிஸில் பாஸ்தீய் சிறைக்கோட்டை விழுந்த அடுத்த மாதமே, லியேஜிலும் புரட்சி. ஆயர்-அரசர் தப்பி ஓடினார். ஆஸ்திரியப் படை அவரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தது. 1792இல் பிரெஞ்சுப் படை வந்தது, அடுத்த ஆண்டு ஆஸ்திரியர் துரத்தினார்கள், 1794இல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் பழிவாங்கலும் நடந்தது. வரி போட்டவரும், தீர்ப்புச் சொன்னவரும், சிறையில் தள்ளியவரும் ஒரே ஆயர் என்றால், அவருடைய பேராலயம் ஊர்க்காரன் கண்ணுக்கு வெறும் சாமி கும்பிடும் இடமாகவா தெரியும்? அதை இடிப்பது என்று 1793லேயே தீர்மானம் போட்டாயிற்று. வேலை 1794இல் தொடங்கியது. முன்னால் நின்றவர்களில் லெயோனார் தெஃப்ரான்ஸ் என்ற ஓவியரும் ஒருவர், இதே ஊர்க்காரர். கூரையின் ஈயத்தை உரித்தார்கள், உலோகம் போர்த்தளவாடத்துக்குப் போனது. கல்லை விற்றார்கள். இடிபாட்டை முழுக்க அகற்ற அடுத்த நூற்றாண்டின் இருபதுகள்வரை ஆகிவிட்டது.

தொட்டி மாதா கோவிலின்மேல் யாருக்கும் தனிக்கோபம் இருந்திருக்காது. அரசியல் அதிகாரம் அதில் இல்லை. ஆனால் பேராலயத்தின் விலாவோடு ஒட்டி நின்றது. பேராலயம் போனபோது அதுவும் போயிற்று. கானன்களின் ஏழு கோவில்களில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில் நிற்கவில்லை. புரட்சி யாருக்காக நடந்ததோ அவர்களுடைய கோவில் அது!

பேராலயத்தின் பொன்னையும் வெள்ளியையும் பிரெஞ்சுப் படை நெருங்கும்போதே ஹாம்பர்க் நகரத்துக்குக் கடத்திவிட்டார்கள். அங்கே கொஞ்சம் விலைபோயிற்று, கொஞ்சம் பிறகு திரும்பி வந்தது. பித்தளைத் தொட்டி அந்தப் பயணத்தில் சேரவில்லை. விசுவாசிகள் ஒளித்துவைத்தார்கள் என்பதுதான் லியேஜில் சொல்லப்படும் கதை. ஒளித்தவர்கள் யாராக இருந்தாலும், இடிபாட்டுக்கு நடுவே, பித்தளைக்கு நல்ல விலை இருந்த காலத்தில், அந்தக் கனத்தை நகர்த்தியிருக்கிறார்கள். மூடியும் இரண்டு காளைகளும் இந்தக் கலவரத்தில்தான் கைநழுவின.

1801இல் நெப்போலியன் போப்பாண்டவரோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு கோவில்கள் திறந்தன. எல்லாம் தலைகீழ் ஏற்பாடு. புனித பவுல் கோவில் புதிய பேராலயம் ஆயிற்று. கானன்கள் ஒழிந்துபோன புனித பர்த்தலோமேயு கோவில் பங்குக் கோவில் ஆயிற்று. பங்கு என்றால் தொட்டி வேண்டுமே. 1804இல் ஹெலினின் தொட்டியை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அருங்காட்சியகத்துக்கு அனுப்பவில்லை, கலைப்பொருள் என்று கண்ணாடிக்குள் வைக்கவில்லை. தொட்டி இல்லாத ஒரு பங்குக்குத் தொட்டி கொடுத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு நிறைவு தரும் இடம் இதுதான். ஆனால் நகரம் முழுவதையும் ஒரு வாசலுக்கு வரவைத்த அந்த உரிமை திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. அது எல்லாப் பங்குகளுக்கும் பங்கு போடப்பட்டுவிட்டது. சுற்றுலாக் கையேடு தொட்டியின் உயரத்தைச் சொல்லும், உலோகத்தைச் சொல்லும். இதைச் சொல்வதில்லை.

கையேடு சொல்லும் இன்னொரு பெயர், ரெனியே. உயி ஊர்ப் பொற்கொல்லர். 1125ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அந்தப் பெயரில் ஒரு பொற்கொல்லர் சாட்சியாக வருகிறார். தொட்டியை வார்த்தவர் அவரே என்று சொல்வதோ, ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட ஒரு லியேஜ் வரலாறு. இடையில் அவரைத் தொட்டியோடு சேர்த்துப் பேசும் சான்று கிடையாது. உருவங்களின் உடல்வாகு பழைய கிரேக்க, உரோமைச் சிற்பம்போல் இவ்வளவு நிதானமாக இருக்கிறதே, இது மியூஸ் கரையில் பிறந்திருக்க முடியுமா என்ற சந்தேகத்தில், பைசாந்தியக் கைவேலை என்றும் அதைவிட நூறாண்டு பழையது என்றும் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். உலோகப் பரிசோதனைகூட நடந்தது. இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகவே அதைப் படித்துக்கொண்டன. நான் ரெனியே பக்கம் சாயவில்லை, ஆனால் மியூஸ் பக்கம் சாய்கிறேன். பள்ளத்தாக்கு முழுக்கப் பித்தளைப் பட்டறைகள் இருந்தபோது, இவ்வளவு நல்ல வேலை என்றாலே வெளியூர்தான் என்று முடிவுகட்டுவது எனக்கு ஒப்பவில்லை. யார் வார்த்தார் என்பதை அந்தச் செய்யுள்காரர் ஒரு வரியில் எழுதியிருந்தால் எத்தனையோ பேர் வேறு வேலை பார்த்திருப்பார்கள்.

போக நினைப்பவர்களுக்கு என் யோசனை: நேராகத் தொட்டிக்குப் போகாதீர்கள். முதலில் பிளாஸ் சேன்-லம்பெர்ட் என்ற சதுக்கத்துக்குப் போங்கள். பேருந்துகளும் கடைகளுமாக இருக்கும் அந்த வெளிதான் பேராலயம் நின்ற இடம். உலோகத் தூண்கள் சிலவற்றை நட்டு அதன் இருப்பைக் காட்டியிருக்கிறார்கள். போன நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், சாலை போடுகிறோம் என்று தோண்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் பெரும்பள்ளமாகவே கிடந்த இடம், ஊர்க்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சதுக்கத்துக்கு அடியில், 2003இல் திறந்த ஆர்க்கியோஃபோரம் இருக்கிறது. உரோமை மாளிகையின் அடித்தளமும் பேராலயத்தின் அடித்தளமும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியில் தெரியும். அங்கிருந்து கால்நடையாகவே புனித பர்த்தலோமேயு கோவிலுக்குப் போய்விடலாம். 2006இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசியிருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். தொட்டியை ஒரு சுற்று உருவங்களுக்காகச் சுற்றுங்கள், இன்னொரு சுற்று குனிந்து காளைகளுக்காக. நேரமும் காலில் தெம்பும் இருந்தால் புனித பவுல் பேராலயத்தின் கருவூலத்தையும் பார்த்துவிடலாம். ஹாம்பர்க் போய்த் திரும்பிய புனித லம்பெர்ட்டின் மார்பளவுப் பேழை அங்கேதான் இருக்கிறது. 1512இல் செய்தது, செய்தவர் எங்கள் ஆஹன் பொற்கொல்லர் ஹான்ஸ் ஃபொன் ராய்ட்லிங்கன். அவர் பெயர் எழுத்தில் இருக்கிறது.